லாரியில் சிபி ஆன்டெனா: ஒன்றா இரண்டா, எங்கே மாட்டுவது?

வைக்கோல்வண்டி (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறேன், ஓட்டுவதும் நானே. சம்பா அறுப்பு முடிந்தால் வைக்கோல்; மற்ற மாதங்களில் நெல், உரம், செங்கல், எது கிடைக்கிறதோ அது. கேள்விக்கு முன்னால் கொஞ்சம் முன்கதை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது நான் வண்டியோடு வேதாரண்யத்தில் மாட்டிக்கொண்டேன். வீடு 35 கிலோமீட்டர்தான். ஆனால் ரோடு முழுக்க மரமும் மின்கம்பமும். போனில் ஒரு கோடுகூட இல்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால், என் மனைவி அழவில்லை, திட்டினாள். "உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லையா?" அன்றைக்குத் தேட ஆரம்பித்ததுதான் இந்த ரேடியோ.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ லைசன்ஸ்) பரீட்சைக்குப் படித்தோம். முதல் தடவையே பாஸ் பண்ணியது அவள். நான் இரண்டாம் தடவை. இப்போது வீட்டில் ஒரு செட், லாரியில் ஒரு செட், இரண்டும் 28 மெகாஹெர்ட்ஸ், 10 வாட். வீட்டு மாடியில் கட்டிய கம்பி ஆன்டெனா ஒழுங்காக இருக்கிறது. தகராறு எல்லாம் லாரியில்தான்.

என் மச்சான் கனடாவில் பெரிய டிரக் ஓட்டுகிறான். அங்கே லாரிக்காரர்கள் இன்றைக்கும் சிபி ரேடியோ (27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ) வைத்திருக்கிறார்கள், 19ஆம் சேனலைப் போட்டால் முன்னால் என்ன விபத்து, எங்கே போலீஸ் என்று பேசிக்கொண்டே போவார்கள் என்பான். பொங்கலுக்கு வந்தவன் இரண்டு சிபி ஆன்டெனா கொண்டுவந்தான். 4 அடி உயர பைபர் குச்சி, மேலே சுற்றிய கம்பி, அதற்கு மேல் ரப்பர் உறை. ரெண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒன்று ஒன்று மாட்டு, மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கும், தூரமும் போகும் என்றான்.

முதலில் இடது கண்ணாடிக் கம்பியில் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1ஐ ஒட்டி இருந்தால் நல்லது) கதவு திறந்திருந்தால் 2.5, சாத்தினால் 4. சில நாள் அப்படியே தலைகீழ். மழை பெய்தால் இன்னொரு கணக்கு. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. பேசினால் 3 கிலோமீட்டர் தாண்டவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தபோது இந்தோனேசியாக்காரர்கள் பேசுவது பக்கத்து வண்டியில் பேசுவது மாதிரி கேட்டது! கடல் தாண்டிக் கேட்கிறது, கட்டிய பெண்டாட்டி பேசுவது கேட்கவில்லை.

இன்னொன்று. லாரி 24 வோல்ட். ரேடியோ 12. எலக்ட்ரீஷியன் தம்பி இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுத்துக் கொடுத்தான். இப்போது ரேடியோ மாட்டிய பேட்டரி காலையில் செத்துக் கிடக்கிறது. மாட்டாத பேட்டரி தண்ணீரைக் குடித்துத் தள்ளுகிறது. மாட்டியதற்குக் கோளாறு சரி, மாட்டாததற்கு ஏன்?

என் கேள்வி இதுதான். இந்த 27 மெகாஹெர்ட்ஸ் குச்சி 28க்கு ஆகுமா? ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா? எங்கே மாட்டினால் உருப்படும்?

மதிலழகு (மன்னார்குடி) எழுதியது:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலத்தில் கையில் இரண்டு சிம் வைத்துக்கொண்டால் முடிந்தது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று எடுக்கும். எதற்கு இந்த வம்பு?

உப்புக்காற்று (நாகப்பட்டினம்) எழுதியது:

மன்னார்குடித் தம்பி, கஜாவுக்கு அடுத்த நாள் எங்கள் பக்கம் வந்திருந்தால் இரண்டு சிம்மையும் பார்த்திருக்கலாம். டவரே குனிந்து கிடந்தது. சரி, அதை விடுவோம்.

வைக்கோல்வண்டி, நான் ஹாம் இல்லை. மீன்பிடிப் படகுகளில் ரேடியோ மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் பிழைப்பு. 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் வண்டியில் இருப்பது பேய் இல்லை, கிரீஸ்.

கண்ணாடிக் கம்பி எதில் நிற்கிறது? கதவில். கதவு எதில் நிற்கிறது? இரண்டு கீலில். கீலில் என்ன போட்டிருக்கிறீர்கள்? கிரீஸ். ஆன்டெனா என்றால் மேலே நிற்கும் குச்சி மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மேலே நிற்பது பாதி. மீதிப் பாதி கீழே இருக்கும் இரும்பு. குச்சியில் ஏறும் கரண்டுக்கு ஈடாக இன்னொரு பக்கம் வண்டி உடம்பில் ஓட வேண்டும். உங்கள் கதவு அந்த உடம்போடு ஒழுங்காக ஒட்டவில்லை. சாத்தும்போது கீல் ஒரு இடத்தில் தொடும், திறக்கும்போது வேறு இடத்தில் தொடும். மீட்டர் ஆடாமல் என்ன செய்யும்? மழையில் நனைந்தால் இன்னும் கூத்து. பைபர் படகில் எனக்கு இதே தலைவலிதான். அங்கே இரும்பே கிடையாது, அதனால் கீழ்ப்பாதி தேவைப்படாத ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குவோம். உங்களிடம் டன் கணக்கில் இரும்பு இருந்தும் அதோடு குச்சியைச் சேர்க்கவில்லை.

முதல் வேலை, மல்டிமீட்டரை எடுங்கள். ஆன்டெனா பிராக்கெட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கதவை ஆட்டி ஆட்டிப் பாருங்கள். எண் ஆடினால் நான் சொன்னது சரி. அப்புறம் ஆன்டெனா நடு ஊசிக்கும் பிராக்கெட்டுக்கும் பாருங்கள். இந்த பைபர் குச்சி ரகத்தில் அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால், பிராக்கெட் ஓட்டையில் போடும் நைலான் வாஷரைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் பத்தில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. அந்த வாஷரின் கழுத்து ஓட்டைக்குள் உட்கார வேண்டும், மேலே உட்காரக் கூடாது.

எர்த்துக்கு, பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்டை எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். கதவிலிருந்து கேபினுக்கு ஒன்று, கேபினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று என்று பின்னல் செம்புப் பட்டை போடுங்கள். பேட்டரிக்குப் போடுவார்களே, அந்தப் பட்டையே போதும். சாதாரண ஒயர் வேண்டாம், பட்டையாக, குட்டையாக இருக்க வேண்டும். உங்கள் கேபின் பாடி கட்டும் பட்டறையில் கட்டியதா? மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்திருந்தால் தகட்டுக்குத் தகடு ஒட்டியிருக்கும் என்று நம்பாதீர்கள், அதையும் மீட்டரில் பாருங்கள்.

பேட்டரி விஷயம். இரண்டும் சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறது. டைனமோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் கொடுக்கும், தனித்தனியாகப் பார்க்காது. நீங்கள் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்ததால் அது எப்போதும் பாதி வயிறு. மொத்தம் 28 வோல்ட் வரும்வரை டைனமோ விடாது, ஆகவே நிறைந்திருக்கும் மற்றதன் தலையில் மிச்சமெல்லாம் ஏறுகிறது. அது கொதித்துத் தண்ணீரை ஆவியாக்குகிறது. 24லிருந்து 12க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். 10 ஆம்பியர் ரகம் உங்கள் செட்டுக்குத் தாராளம். அந்த ஒற்றை ஒயரை இன்றைக்கே பிடுங்கி எறியுங்கள்.

கடைசியாக, உப்பு. வேதாரண்யம் உப்பளம் பக்கம் அடிக்கடி போகிறீர்கள். கேபிள் முனை இணைப்பு ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் வெயிலில் பசை இளகி உள்ளே தண்ணீர் கட்டும், அது சும்மா விடுவதைவிட மோசம். இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் படகுச் சாமான் கடையில் கிடைக்கும், அதைச் சுற்றி அதன்மேல் கறுப்பு டேப். கேபிள் கேபினுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அதில் சொட்டிவிடும்.

வெற்றிலைக்கொடி (கும்பகோணம்) எழுதியது:

நாகை அண்ணன் முக்கால்வாசி சொல்லிவிட்டார். விட்டதை நான் சொல்கிறேன்.

முதலில் சட்டம். சிபி என்று தலைப்பில் போட்டிருப்பதால் சொல்கிறேன், பின்னால் இதைப் படிப்பவர்கள் குழம்பக் கூடாது. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், லைசன்ஸ் இல்லாமல் பேசலாம். வெளிநாட்டு 40 சேனல் செட்டில் 1 முதல் 27 வரைதான் அதற்குள் விழும். அந்தச் சலுகையும் ஆன்டெனா செட்டோடு ஒன்றாகவே பொருத்தி வரும் ரகத்துக்குத்தான். லாரியில் தனி ஆன்டெனா மாட்டி 27இல் பேசுவது அதில் சேராது. உங்கள் கதை வேறு. லைசன்ஸ் இருக்கிறது, 28 ஹாம்களான நமக்கு உள்ள அலைவரிசை. ஆனால் ஹாமில் வியாபாரம் பேசக் கூடாது. "வந்துவிட்டேன், சோறு எடுத்து வை" பேசலாம். "கட்டு என்ன விலைக்குக் கேட்கிறான்" பேசக் கூடாது.

குச்சி 28க்கு ஆகும். அலை வேகமாக அடிக்க அடிக்க ஆன்டெனா குட்டையாக வேண்டும், அவ்வளவுதான். முழு நீளக் கம்பியாக இருந்தால் 27க்கு ஏறக்குறைய 2.6 மீட்டர், 28.4க்கு 2.5 மீட்டர். உங்களுடையது 4 அடிக்குள் நீளக் கம்பியைச் சுற்றி அடக்கியது. உச்சியில் திருகு இருந்தால் அதை உள்ளே இறக்குங்கள். போதாவிட்டால் மூடியைக் கழற்றி, உறையைக் கீழே தள்ளி, உச்சியில் சுற்றியிருக்கும் கம்பியில் ஒரு சுற்றுப் பிரித்து வெட்டுங்கள். ஒரே சுற்று. அப்புறம் மீட்டர். அவசரப்பட்டு நான் ஒரு தடவை நாலு சுற்று வெட்டிவிட்டு அந்தக் குச்சியைத் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாக வைத்தேன்.

எப்போது நிறுத்துவது? 28.1இல் மீட்டர் குறைவு, 28.6இல் அதிகம் என்றால் குச்சி இன்னும் நீளம். தலைகீழாக இருந்தால் குட்டையாகிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் குச்சியைத் தொடாதீர்கள், நாகை அண்ணன் சொன்ன எர்த்துக்குத் திரும்பிப் போங்கள். 1.5 வந்தால் விட்டுவிடலாம். அதில் நூற்றுக்கு 4 பங்குதான் திரும்பி வருகிறது. 3இல் 25 பங்கு. கதவைச் சாத்தி, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி அளக்க வேண்டும். ஷெட்டுக்குள் அளந்தால் ஷெட்டைத்தான் அளக்கிறீர்கள்.

மாட்டுக்கொம்பு வேண்டாம். இரண்டு குச்சி சேர்ந்து வேலை செய்ய நடுவே கால் அலை, 2.6 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். மச்சானின் டிரக்கில் கண்ணாடிக்குக் கண்ணாடி அந்த அகலம் வரலாம். நம் கேபினில் வராது. தனிக் கேபிள் ஜோடியும் வேண்டும். அழகுக்கு வேண்டுமானால் இரண்டாவதில் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டித் தொங்கவிடுங்கள்.

எங்கே மாட்டினாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இரும்பு அதிகம் இருக்கும் பக்கம்தான் சத்தம் நன்றாகப் போகும். முன் இடது மூலையில் மாட்டினால் பின் வலது பக்கம் பலம், முன் இடது பக்கம் இளைப்பு. இந்தோனேசியா கேட்டது உங்கள் ஆன்டெனாவின் பெருமை இல்லை. 28இல் சூரியன் ஒத்துழைக்கும் நாளில் அலை வானத்தில் முட்டித் திரும்பும், நடுவில் இருப்பவர்கள் தலைக்கு மேல் பறந்துபோகும். பக்கத்துக்குப் பேச 145 மெகாஹெர்ட்ஸ் செட்தான் சுகம், அரை மீட்டர் கம்பி போதும். நம் டெல்டா தட்டுத் தரையில் நன்றாகவே போகும். இருப்பதை வைத்து ஓட்டுவதென்றால் ஓட்டுங்கள், அடுத்த செட் வாங்கும்போது யோசியுங்கள்.

இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். 4 அடியோடு நிறுத்துங்கள், கேபின் கூரைமேல் ஏற்றாதீர்கள். யாராவது முழு நீளக் கம்பி மாட்டச் சொன்னால், கூரை 3 மீட்டர், கம்பி 2.6, மொத்தம் 5.6 மீட்டர். வயலுக்குள் வைக்கோல் ஏற்றப் போகும் இடத்தில் 11 ஆயிரம் வோல்ட் லைன் எவ்வளவு தொய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீடாமங்கலம் கேட்டில் மேலே போகும் ரயில் லைன் 25 ஆயிரம் வோல்ட். மைக் உங்கள் கையில் இருக்கும். அறுப்பு மெஷின் ஓட்டும் பையன்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், எஃப்.எம். ஆன்டெனாவுக்கும் இதே கதைதான்.

வைக்கோல்வண்டி எழுதியது:

ஐயா, அண்ணன் இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை.

மீட்டரில் பிராக்கெட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் 40 ஓம். கதவை ஆட்டினால் 6, அப்புறம் 200, அப்புறம் ஒன்றும் காட்டவில்லை. கிரீஸ்தான்! கதவையே விட்டுவிட்டேன். கதவுக்கு முன்னால் கேபின் தூணில் இரும்பு வெல்டிங் வைத்து அதில் பிராக்கெட்டை மாட்டினேன். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ரேடியோவையும் கழற்றச் சொன்னது என் மனைவி, புத்தகத்தில் படித்தாளாம். செம்புப் பட்டை இரண்டு போட்டேன். இப்போது பூஜ்யம். நைலான் வாஷரும் தப்பாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் மீட்டர் ஆடவில்லை. 28.1இல் 1.9, 28.6இல் 2.8. குச்சி நீளம் என்று தெரிந்தது. திருகை முழுக்க இறக்கியும் போதவில்லை. ஐந்து சுற்று பிரித்தேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இறங்கி ஏறி அளந்து. 28.4இல் 1.4. கை நடுங்கியது, அத்தோடு நிறுத்திவிட்டேன். தக்காளிச் செடி எங்கள் வீட்டில் இல்லை.

கன்வெர்ட்டர் போட்டாயிற்று. குடித்துக்கொண்டிருந்த பேட்டரி தப்பிக்குமா என்று எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேதாரண்யம் லோடு. வீட்டிலிருந்து கிளம்பி வாய்மேடு தாண்டும்வரை அவள் பேசுவது தெளிவாகக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அதற்குப் பின் இரைச்சலுக்குள் சொல் சொல்லாக. திரும்பி வரும்போது வாய்மேட்டிலேயே கேட்கவில்லை. கும்பகோணம் ஐயா சொன்ன மாதிரி போகும்போது வீடு பின்னால், வரும்போது முன்னால். ஊர் நெருங்கியபின்தான் பிடித்தது.

இரண்டு சந்தேகம் பாக்கி. என்ஜின் ஓடும்போது அவள் காதில் கொசு பாடுகிற மாதிரி ஒரு ஊளை கேட்கிறதாம், ஆக்சிலரேட்டர் மிதித்தால் சுருதி ஏறுகிறதாம். இன்னொன்று, ரோட்டோரப் புளியமரக் கிளை குச்சியை அடித்துக்கொண்டே வருகிறது.

உப்புக்காற்று எழுதியது:

ஊளை டைனமோவுடையது. உங்கள் பேச்சோடு சேர்ந்து போகிறது என்றால் ரேடியோவுக்குப் போகும் கரண்டில் ஏறுகிறது. கன்வெர்ட்டருக்கு எங்கிருந்து எடுத்தீர்கள்? பியூஸ் பெட்டியிலிருந்து என்றால் அதை மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் இரண்டும் நேராகப் பேட்டரிகளின் 24 வோல்ட் முனைகளுக்கே போகட்டும், பேட்டரி முனையிலேயே பிளஸில் ஒரு பியூஸ். இரண்டு ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள்.

கிளை அடிப்பதற்கு, குச்சியின் அடியில் மாட்டும் ஸ்பிரிங் வைத்த பாகம் உண்டு. மச்சானிடம் கேட்டால் தெரியும், அங்கே பல வண்டியில் இருக்கும். ஸ்பிரிங் போட்டால் நீளம் கூடும், மறுபடியும் மீட்டர் பிடிக்க வேண்டும், இன்னும் ஒன்றிரண்டு சுற்று போகலாம். வண்டியைப் பட்டறையில் விடும்போது குச்சியைத் திருகி எடுத்து சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் தூண்டில் கம்பி என்று நினைத்து எடுத்துப் போய்விடுவார்கள்.

வைக்கோல்வண்டி எழுதியது:

பியூஸ் பெட்டியிலிருந்துதான் எடுத்திருக்கிறான் தம்பி. நாளைக்கு மாற்றிவிடுகிறேன். மச்சானுக்கு ஸ்பிரிங் கேட்டு மெசேஜ் போட்டேன். "இரண்டு ஸ்பிரிங் அனுப்பவா, ஒன்று போதுமா?" என்று கேட்கிறான். அந்த இரண்டாவது குச்சியை இன்னும் அவன் விடவில்லை.